மூச்சு விடாதவன்

விமானத்துக்கு இன்னும் பதினொரு நாள்.
எகிப்துக்கென்று வாங்கிய அரைக்கால் சட்டை
விலைச்சீட்டோடு அலமாரியில் தொங்குகிறது.
நான் நிற்பதோ
கட்டோவிசேக்கு வடக்கே
கல் எடுத்து முடித்து, தண்ணீர் நிரம்பிவிட்ட பள்ளத்தின் விளிம்பில்,
மே மாத மழையில்,
யாரோ போட்டுக் கழற்றிய ஈர ரப்பர் உடைக்குள்
ஒரு காலை நுழைத்துவிட்டு
மறுகாலுக்கு வழி தேடிக்கொண்டு.

தண்ணீர் ஏழு டிகிரி என்றாள் போக்னா.
பயிற்சியாளர். என் மகளைவிட நான்கே வயது மூத்தவள்.
இங்கே முங்கினவருக்குச் செங்கடல் வெந்நீர்த் தொட்டி என்றாள்.
பிறகு சிரிப்பை நிறுத்தி, விரலை நீட்டி:
முதல் விதி, கடைசி விதியும் அதுதான்,
கீழே ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது.
அடக்கிக்கொண்டு மேலே வந்தால்
உள்ளே இருக்கும் காற்று விரிந்து விரிந்து
நுரையீரலைக் கிழித்துவிடும்.

எழுதிக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருடமாக ஆறாம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
முதுகுக்குப் பின்னால் ஒரு தகடு:
ஓட்டுநரோடு பேசாதீர்கள்.
அதைக் கழற்றி வந்து வீட்டிலும் மாட்டிவிட்டாய் என்பாள் லுட்மிவா.
அவளிடம் அட்டை இருக்கிறது, இருபத்து மூன்று வயதில் வாங்கியது.
ஈரம் ஏறி உப்பிப்போன ஒரு குறிப்பேடும்.
நாள், ஆழம், நிமிடம், கூட்டாளி.
கூட்டாளி என்ற கட்டத்தில் பதினேழு முறை
ஒரே பேனா, ஒரே சாய்வு: டாரெக்.
யார் என்று கேட்டதில்லை.
அதைப் பற்றி மூச்சு விடாமலே
பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியாயிற்று.

ஆறு மீட்டரில் இரும்பு மேடை. மண்டியிட்டோம்.
மாஸ்கைக் கழற்று என்று சைகை.
கழற்றினேன். நெற்றியில் ஆணி இறங்கியது.
மூக்கு தானாகவே தண்ணீரை இழுத்தது.
மேலே. இருமல். கீழே.
மறுபடி மூக்கு. மேலே.
மூன்றாம் முறை சரியாகச் செய்துவிட்டுப்
பெருமை தாங்காமல் கட்டைவிரல் உயர்த்தினேன்.
இங்கே அதற்கு அர்த்தம் வேறு: மேலே போகலாம்.
போக்னா கடமை தவறாமல்
என் தோளைப் பிடித்து மேலே கொண்டுபோய்விட்டாள்.

மதியம், காற்று தீர்ந்துபோகும் பயிற்சி.
என் ஜோடி யோலான்டா,
பிட்டோம் வரி அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள்.
காலையிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டது
கழிப்பறை எந்தப் பக்கம் என்பது மட்டும்.
கையைக் கத்திபோல் கழுத்துக்குக் குறுக்கே இழுக்க வேண்டும்:
என்னிடம் காற்று இல்லை.
பிறகு உதட்டைத் தட்ட வேண்டும்:
கொடு.
கை பாதியில் நின்றுவிட்டது.
யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத கை.
சிலிண்டரில் பாதிக்குமேல் காற்று இருந்தது,
அதனால் வெட்கம் இன்னும் கூடியது.
யோலான்டா காத்திருந்தாள்.
கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள்
பெரிதாக, அவசரமில்லாமல்.
இழுத்தேன். தட்டினேன்.
உபரிக் குழாயை என் வாய்க்கு நீட்டினாள்.
வரி இலாகா எனக்கு ஏதாவது கொடுத்தது
இதுதான் முதல்முறை.

திரும்பும் வழியில், யாரோ எப்போதோ மூழ்கடித்த பேருந்து.
ஓட்டுநர் இருக்கையில் கோடுபோட்ட மீன் ஒன்று
எங்கும் போகாமல் நின்றது.
அதனோடும் யாரும் பேசவில்லை.

இரவு, சமையலறை மேசையில் என் புதுக் குறிப்பேடு.
அட்டைக்கு இன்னும் மூன்று முங்கல் பாக்கி.
லுட்மிவா புரட்டினாள், புரட்ட ஒரே பக்கம்தான்.
ஆழம் பதினொன்று. நிமிடம் இருபத்தாறு.
"யாரது யோலான்டா?"

எவ்வளவு லேசாகக் கேட்டுவிட்டாள்,
உப்பு எங்கே என்பதுபோல.
வரி அலுவலகம் என்றேன். சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே
என் கை கழுத்துவரை போய்விட்டிருந்தது.
"டாரெக் யார்?"

அடுப்பை அணைத்தாள்.
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.
நேரமாகும், காலை ஐந்துக்கு உனக்கு வண்டி, என்றாள்.

ஆகட்டும் என்றேன்.